சரக்கு ரயிலின் ஏணி: கரி எஞ்சின் காலம் முதல் ஒப்பந்தக் காலம் வரை

செட்டிநாட்டுப் பெருவீடுகளைப் பற்றி எழுதுவோர் பர்மாத் தேக்கையும் இத்தாலியப் பளிங்கையும் குறிப்பிடத் தவறுவதில்லை. ரயிலைப் பற்றி எழுதுவோர் நீராவி எஞ்சினின் கூவலையும் கரிப்புகையின் வாடையையும் குறிப்பிடத் தவறுவதில்லை. இரண்டுமே இனிய நினைவுகள்தாம். ஆனால் சுமந்தவர் யார், கரி அள்ளியவர் யார், தண்டவாளத்துக்கு அடியில் சரளை இடித்தவர் யார், அவர்களில் எவர் மேலே ஏற முடிந்தது, எவர் கீழேயே நிறுத்தப்பட்டார் என்ற கேள்விகளுக்கு இந்த நினைவுகளில் இடம் இருப்பதில்லை. நீராவி எஞ்சின்களுக்குச் சாயம் பூசி நிலைய முகப்புகளிலும் அருங்காட்சியகங்களிலும் நிறுத்தியிருக்கிறார்கள். அவற்றைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்ளும் கல்லூரி மாணவர்களுக்கு அந்த எஞ்சின் ஒரு பதவி ஏணியின் உச்சியாக இருந்தது என்பதை யாரும் சொல்வதில்லை. அந்த ஏணியின் கதையை, காரைக்குடி வழிச் செல்லும் ஒரு பாதையிலிருந்து தொடங்கிச் சொல்ல விரும்புகிறோம். இது முடிந்துபோன கதை அன்று. பதவி உயர்வில் இடஒதுக்கீடு பற்றி இன்று நீதிமன்றங்களில் நடக்கும் வாதங்களின் வேர் அங்கேதான் இருக்கிறது.

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை வரையிலான மீட்டர் பாதையை அன்றைய தென்னிந்திய ரயில்வே கம்பெனி 1929-இல் திறந்தது. புதுக்கோட்டையிலிருந்து திருமயம், செட்டிநாடு, கோட்டையூர், காரைக்குடி, தேவகோட்டை ரஸ்தா, கல்லல், சிவகங்கை வழியாக மானாமதுரை வரையிலான பகுதி 1930 ஜூலையில் திறக்கப்பட்டது. மானாமதுரையில் அது மதுரை–ராமேஸ்வரம் பாதையோடு சேர்ந்தது. மாட்டுவண்டிகளில் நாள்கணக்கில் சென்ற சரக்கு, சில மணி நேரத்தில் ஊர் கடந்தது. காரைக்குடியிலிருந்து அறந்தாங்கிக்கான இணைப்பு விடுதலைக்குப் பிறகு, 1952-இல்தான் வந்தது.

1930 என்ற ஆண்டை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். சிவகங்கை தனி மாவட்டமானது 1985-இல்; அதுவரை இவ்வட்டாரம் ராமநாதபுரம் மாவட்டத்தின் பகுதி. பாதை திறந்து ஆறு மாதம் ஆகுமுன், 1930 டிசம்பரில், ராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர் நாட்டார்கள் ஆதிதிராவிடர்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையரான ஜே.எச். ஹட்டன் இத்தடைகளைப் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழோ இடுப்புக்கு மேலோ துணி உடுத்தக் கூடாது. சட்டை, கோட்டு, பனியன் கூடாது. தலைமுடியைக் கத்தரித்துக்கொள்ளக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மேலாடை அணியக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை கூடாது. காலில் செருப்பு கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, கால்நடைகள் கொள்ளையிடப்பட்டன. அப்படியும் மக்கள் பணியவில்லை என்பதால் 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாகப் பெருகின. பிள்ளைகள் படிக்கக் கூடாது, மாடு மேய்க்க வேண்டும். மிராசுதாரரிடம் ஆணுக்கு நாளொன்றுக்கு நான்கணா, பெண்ணுக்கு இரண்டணா என்ற கூலிக்கு உழைக்க வேண்டும். சொந்த நிலம் இருந்தால் அதையும் மலிவு விலைக்கு அவருக்கே விற்றுவிட வேண்டும் என்பவை அவற்றுள் சில.

இப்பட்டியலைத் தலித் வரலாறு கற்கும் மாணவர்கள் ஏற்கெனவே படித்திருப்பார்கள். அதை ரயிலோடு சேர்த்துப் படித்தால்தான் அதன் பொருளாதாரப் பொருள் விளங்கும். தடைகள் உடையைப் பற்றியவையாகத் தோன்றினாலும், அவற்றின் மையத்தில் இருப்பது உழைப்பின் மீதான உரிமை. நிலம் விற்பனை, கூலி, பிள்ளைகளின் படிப்பு ஆகிய மூன்றும் ஒரே நோக்கம் கொண்டவை: வேறு வேலைக்குப் போகும் வழியை அடைப்பது. ரயில்வே அதற்கு நேர் எதிரான ஒன்றைக் காட்டியது.  அங்கே கூலி மாத முடிவில் வந்தது. மிராசுதாரரின் கையிலிருந்து வரவில்லை. சட்டையும் செருப்பும் குற்றமாக்கப்பட்ட ஊரின் விளிம்பில், சீருடை அணிந்து வேலை செய்யும் ஓர் உலகம் தண்டவாளத்தின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. அந்த உலகத்துக்குள் தலித் ஒருவர் எவ்வளவு தூரம் நுழைய முடிந்தது என்பதுதான் கேள்வி.

அதற்கு விடை சொல்லுமுன், நீராவி எஞ்சின் இழுக்கும் சரக்கு வண்டி எப்படி இயங்கியது என்பதைக் கொஞ்சம் அறிந்துகொள்வோம். இன்றைய மின்சார எஞ்சின் விசையைத் தட்டினால் புறப்படத் தயாராகிவிடும். நீராவி எஞ்சின் அப்படியன்று. குளிர்ந்த கொதிகலனில் தீமூட்டி, வண்டி இழுக்கும் அளவுக்கு நீராவி சேரப் பல மணி நேரம் ஆகும். அதற்கு முன் ஷெட்டில் எஞ்சினை எண்ணெய்க் கந்தலால் துடைக்க வேண்டும். முந்தைய ஓட்டத்தின் சாம்பலையும் கட்டிபட்ட கசடையும் தீப்பெட்டியிலிருந்து சூட்டோடு இழுத்துக் குழியில் தள்ள வேண்டும். குறித்த கால இடைவெளியில் கொதிகலனைக் கழுவி உப்புப் படிவை அகற்ற வேண்டும். நிலக்கரியைக் கூடை கூடையாகச் சுமந்து எஞ்சினுக்குப் பின்னுள்ள கரித்தொட்டியை நிரப்ப வேண்டும். இவ்வளவும் எஞ்சின் நகருமுன் நடக்கும் வேலைகள். இவற்றைச் செய்தவர்கள் கிளீனர்களும் கலாசிகளும்.

ஓட்டத்தில் எஞ்சினில் நிற்பவர் ஓட்டுநரும் ஃபயர்மேன்களும். ஃபயர்மேன் மண்வெட்டியால் கரியை வாரி, தீப்பெட்டியின் எந்த மூலையில் தீ மெலிந்திருக்கிறதோ அங்கே வீச வேண்டும். அதிகம் போட்டால் தீ அமிழும். குறைந்தால் நீராவி இறங்கும். ஏற்றத்தில் நீராவி இறங்கினால் வண்டி நின்றுவிடும். முதுகில் காற்று, முகத்தில் அனல். இது கைத்திறன் மிகுந்த வேலை. எந்தப் பள்ளியும் சொல்லித்தராத, மேலே உள்ளவர் கீழே உள்ளவருக்குச் சொல்லிக்கொடுத்தால் மட்டுமே வருகிற வேலை. எஞ்சினில் ஏணி இப்படித்தான் அமைந்தது: கிளீனர், இரண்டாம் ஃபயர்மேன், முதல் ஃபயர்மேன், ஷண்டர், பிறகு ஓட்டுநர். ஓட்டுநரிலும் படிகள் உண்டு. முதலில் சரக்கு வண்டி, அடுத்து பயணி வண்டி, கடைசியில் மெயில். சரக்கு வண்டியின் வால்முனையில், பிரேக்வேனில் கார்டு. வண்டிக்குப் பொறுப்பாளர் அவரே. கைப்பிரேக் அவரிடம். வண்டி நடுவழியில் நின்றால் விளக்கோடு பின்புறம் நடந்துசென்று தண்டவாளத்தில் எச்சரிக்கை வெடி வைத்து, பின்னால் வரும் வண்டியை நிறுத்த வேண்டியவரும் அவரே. நாட்குறிப்பு எழுத வேண்டும். எனவே எழுத்தறிவு வேண்டும்.

நிலையங்களில் பாயிண்ட்ஸ்மேனும் ஷண்டிங் தொழிலாளியும். நகர்ந்துகொண்டிருக்கும் இரு வாகன்களுக்கு நடுவே நுழைந்து கொக்கி மாட்டுவது அவர்கள் பணி. பாதையில் கேங்மேன். ஒரு மேஸ்திரி, ஒரு கீமேன், அவர்களோடு கேங்மேன்கள் கொண்ட ஒரு குழுவுக்குச் சில மைல் தூரம் பொறுப்பு. கீமேன் நாள்தோறும் தன் எல்லை முழுவதையும் நடந்து, தளர்ந்த ஆப்புகளைச் சுத்தியலால் இறுக்குவார். மற்றவர்கள் தாழ்ந்த இடங்களில் சரளையை இடித்துத் தண்டவாளத்தை மட்டப்படுத்துவார்கள். செட்டிநாட்டின் சித்திரை வெயிலில் இரும்பைத் தொடும் வேலை அது. கிளீனருக்கு மேலே ஏணி இருந்தது. கேங்மேனுக்கு மேலே இருந்தவை கீமேன், மேஸ்திரி என்ற ஓரிரு படிகளே.

இனி விடைக்கு வருவோம். அதைச் சொன்னவர் பாபாசாகேப் அம்பேத்கர். 1938 பிப்ரவரியில், மன்மாடில் கூடிய ஜி.ஐ.பி. ரயில்வே ஒடுக்கப்பட்ட வகுப்புத் தொழிலாளர் மாநாட்டில் அவர் தலைமையுரை ஆற்றினார். பார்ப்பனியமும் முதலாளியமும் தொழிலாளர்களின் இரு எதிரிகள் என்று அவர் சொன்னதை மேடைதோறும் நினைவுகூர்கிறோம். அதே உரையில் ரயில்வே வேலைகளை அவர் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டியதை அவ்வளவாகப் பேசுவதில்லை. நம் பார்வையில் உரையின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. தீண்டப்படாதவர் கேங்மேனாகச் சேர்ந்து கேங்மேனாகவே ஓய்வுபெறுகிறார் என்றார். போர்ட்டர் வேலைகூட அவருக்கு எளிதில் கிடைப்பதில்லை. காரணம் விந்தையானது: நிலைய அதிகாரி போர்ட்டரைத் தன் வீட்டு வேலைக்கும் பயன்படுத்திக்கொள்கிறார், தீண்டப்படாதவரை வீட்டுக்குள் விட முடியாது, ஆகவே போர்ட்டர் பதவிக்கும் அவர் வேண்டாம். பணிமனையிலும் அவர் கூலியாகவே இருக்கிறார். மெக்கானிக்காகவோ ஃபோர்மேனாகவோ உயர்வதில்லை.

போர்ட்டர் பற்றிய அந்த விளக்கம் சாதி எப்படி வேலை செய்கிறது என்பதைச் சட்டநூல்களைவிடத் தெளிவாகக் காட்டுகிறது. எந்த விதியும் தலித்தைத் தடுக்கவில்லை. பதவியின் எழுதப்பட்ட கடமைகளிலும் தடையில்லை. எழுதப்படாத ஒரு கடமை, அதுவும் சட்டவிரோதமான ஒன்று, அரசுப் பதவிக்குத் தகுதியாகிவிடுகிறது. இதே தர்க்கத்தை எஞ்சினுக்கும் நீட்டிப் பார்க்கலாம் என்று கருதுகிறோம். ஃபயர்மேன் ஓட்டுநரோடு ஒரே தகட்டின் மேல் நிற்பவர். அவர் கையிலிருந்து தண்ணீர்க் குவளை வாங்க வேண்டும். வெளியூரில் ரன்னிங் ரூமில் ஒரே கூரையின்கீழ் சமைத்து உண்டு உறங்க வேண்டும். தொழிலைச் சொல்லித்தருவதும் பெறுவதும் இந்த நெருக்கத்தில்தான் நடக்கும். கேங்மேன் வேலை வெட்டவெளியில், பிறரிடமிருந்து விலகி நடப்பது. எந்த வேலை தலித்துக்குத் திறந்திருந்தது, எது மூடியிருந்தது என்பதற்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம்.

தென்னிந்திய ரயில்வேயில் நிலைய உணவகங்களே பிராமணருக்கு ஒன்று, மற்றவருக்கு ஒன்று எனப் பிரிந்திருந்தன. பெரியாரும் சுயமரியாதை இயக்கத்தினரும் தொடர்ந்து எதிர்த்ததன் விளைவாக அப்பிரிவினை 1941-இல் நீங்கியது. பயணிகளுக்கே இந்நிலை என்றால், ரன்னிங் ரூம் அடுப்படி எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இது கண்டதேவித் தேரின் வடத்தை யார் தொடலாம் என்ற கேள்வி உயர் நீதிமன்றம் வரை சென்ற வட்டாரம். தொடுதல் என்பதன் எடை இங்குள்ளோர் அறியாததன்று.

இவ்விடத்தில் ‘தகுதி’ பேசுவோருக்கு ஒரு செய்தி. ரயில்வேயில் பிறப்பின் அடிப்படையிலான ஒதுக்கீட்டைத் தலித்துகள் தொடங்கி வைக்கவில்லை. கம்பெனிக் காலத்தில் மெயில் வண்டி ஓட்டுநர், கார்டு போன்ற பதவிகள் பெரும்பாலும் ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ-இந்தியருக்கும் உரியனவாக இருந்தன. 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் ரயில்வேயில் ஆங்கிலோ-இந்தியருக்குத் தனிப் பாதுகாப்பு அளித்தது. விடுதலைக்குப் பிறகு அரசமைப்புச் சட்டத்தின் 336-ஆவது உறுப்பு, ரயில்வே, சுங்கம், அஞ்சல் துறைகளில் அச்சலுகையைப் பத்து ஆண்டுகளுக்கு, படிப்படியாகக் குறைத்து, நீட்டித்தது. சிறுபான்மைச் சமூகம் ஒன்றுக்குக் கிடைத்த அப்பாதுகாப்பை நாம் குறை சொல்லவில்லை. அதனால் வண்டிகள் கவிழவும் இல்லை. ‘திறமை குறைந்தது’ என்று எவரும் வழக்குத் தொடுக்கவும் இல்லை. பட்டியல் சாதியினருக்கு மத்தியப் பணிகளில் 8.33 விழுக்காடு இடஒதுக்கீடு கிடைத்தது 1943-இல்தான். வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் அம்பேத்கர் உறுப்பினராக இருந்த காலம் அது.

நுழைவு கிடைத்தது. ஏறுவது எப்படி? பதவி உயர்வில் இடஒதுக்கீடு என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்தின் முன் முதலில் முழுமையாக வந்தது நம் தெற்கு ரயில்வேயிலிருந்துதான். 1959-இல் ரயில்வே வாரியம் இரு சுற்றறிக்கைகள் வழியாக, மூன்றாம் பிரிவுப் பணிகளின் தேர்வுப் பதவிகளில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இடம் ஒதுக்கியது. தெற்கு ரயில்வே ஊழியரான ரங்காச்சாரி அதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வென்றார். மேல்முறையீட்டில், பொது மேலாளர், தெற்கு ரயில்வே எதிர் ரங்காச்சாரி என்ற அவ்வழக்கு 1961 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் முடிவானது. அரசமைப்பின் 16(4) உறுப்பு ‘நியமனங்கள் அல்லது பதவிகள்’ என்கிறது. அது நுழைவுக்கு மட்டுமே என்பது ஒரு வாதம். மேல்பதவிகளுக்கும் பொருந்தும் என்பது மறுவாதம். ஐவரில் மூவர் இரண்டாவதை ஏற்றார்கள். ஒரே ஒரு நீதிபதி இடம் மாறியிருந்தால் ஏணி அன்றே எடுக்கப்பட்டிருக்கும்.

அடுத்த பெரிய தாக்குதலும் ரயில்வேயிலிருந்தே வந்தது. ஒதுக்கீடு பெறாத ஊழியர்கள் ஒரு சங்கம் அமைத்து ரயில்வே வாரியத்தின் சுற்றறிக்கைகளை எதிர்த்தார்கள். சங்கத்தின் பெயர் அகில பாரதிய சோஷித் கர்மசாரி சங். ‘சோஷித்’ என்றால் சுரண்டப்பட்டவர். கேங்மேன்கள் அல்லர், அவர்களைவிட மேலே இருந்தவர்கள் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயர் இது! 1980 நவம்பரில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் உள்ளிட்ட அமர்வு மனுவைத் தள்ளுபடி செய்தது.

பிறகு காற்று திசை மாறியது. 1992-இல் இந்திரா சாஹ்னி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, 16(4) பதவி உயர்வுக்குப் பொருந்தாது என்று கூறி ரங்காச்சாரித் தீர்ப்பை மாற்றியது. நாடாளுமன்றம் 1995 ஜூனில் 77-ஆவது திருத்தத்தால் 16(4அ) உறுப்பைச் சேர்த்து உரிமையை மீட்டது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த தீர்ப்புத்தான் சரக்கு வண்டியின் வால்முனைக்கு நம்மைக் கொண்டு செல்கிறது. ஒன்றிய அரசு எதிர் விர்பால் சிங் சௌகான் என்ற அவ்வழக்கு கார்டுகளைப் பற்றியது. கார்டு பதவியில் நான்கு நிலைகள்: சரக்கு வண்டிகளின் ‘சி’ நிலை அடி, அதற்கு மேல் ‘பி’, ‘ஏ’, உச்சியில் ‘ஏ’ சிறப்பு.

மாணவர்கள் பலருக்கு இத்தீர்ப்பு குழப்பமாகவே இருக்கிறது. எனவே எளிய எடுத்துக்காட்டு ஒன்று. சரக்கு வண்டி கார்டுகளாக இருவர் இருக்கிறார்கள் என்று கொள்வோம். பொதுப்பிரிவினர் முதலில் சேர்ந்தவர், தலித் அடுத்து. சுழற்சிப் பட்டியலின்படி தலித் கார்டு முதலில் ‘பி’ நிலைக்கு உயர்கிறார். இரண்டாண்டு கழித்துப் பொதுப்பிரிவினரும் அங்கே வருகிறார். இப்போது ‘பி’ நிலையில் யார் மூத்தவர்? அரசுப் பணியின் பொதுவான வழக்கப்படி, ஒரு நிலைக்கு முதலில் வந்தவர் அந்நிலையில் மூத்தவர். ஆனால் பின்னால் வந்தவர் தம் பழைய மூப்பைத் திரும்பப் பெறுவார் என்றது தீர்ப்பு. அதாவது, தலித் ஊழியர் பதவியில் ஏறலாம். பதவியோடு வரும் மூப்பு அவருக்கு இல்லை. அடுத்த நிலைக்கான வரிசையில் அவர் மீண்டும் பின்னே நிற்பார். ஒரு படி ஏறவிட்டு, அடுத்த படிக்கு முன் நிறுத்திவைக்கும் ஏற்பாடு இது. இதைத்தான் ‘பின்தொடர்ந்து பிடிக்கும் விதி’ என்று சட்டத்துறையில் அழைக்கிறார்கள். நாடாளுமன்றம் 2001-இல் 85-ஆவது திருத்தத்தால் மூப்பையும் சேர்த்துக் கொடுத்தது. அதை 1995 ஜூன் முதலே செல்லுபடியாக்கியது. 2006-இல் எம். நாகராஜ் தீர்ப்பு இத்திருத்தங்களை ஏற்றுக்கொண்டே, பின்தங்கிய நிலைக்கும் போதிய பிரதிநிதித்துவம் இன்மைக்கும் அரசு புள்ளிவிவரம் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையை விதித்தது. 2018-இல் ஜர்னைல் சிங் தீர்ப்பு, பின்தங்கிய நிலைக்குப் புள்ளிவிவரம் வேண்டாம் என்றது. ஆனால் வசதி படைத்தோரை விலக்கும் கோட்பாட்டைப் பட்டியல் சாதியினர் மீதும் ஏற்றியது. 2022 முதல் சரக்கு வண்டி கார்டுக்கு ‘கூட்ஸ் டிரெயின் மேனேஜர்’ என்று பெயர். பெயர் வளர்ந்திருக்கிறது, வழக்குகளும் ஓயவில்லை.

இந்த அரை நூற்றாண்டுக்கும் மேலான சட்டப் போரின் நடுவே, ஏணியின் அடிப்பகுதி வேறொரு வழியில் கழன்றுகொண்டிருந்தது. நீராவி எஞ்சின் உற்பத்தி 1972-இல் நின்றது. அகலப்பாதையில் கடைசி நீராவி வண்டி 1995 டிசம்பரில் ஓடியது. மீட்டர் பாதையிலும் 1990-களோடு அது முடிந்தது. கரிப்புகை போனது தொழிலாளியின் நுரையீரலுக்கு நல்லதே. அதற்காக நாம் வருந்தவில்லை. ஆனால் எஞ்சினோடு கிளீனர் பதவியும் போயிற்று, ஃபயர்மேன் பதவியும் போயிற்று. எழுத்தறிவு குறைந்த ஒருவர் எண்ணெய்க் கந்தலோடு நுழைந்து, கண்டும் கேட்டும் கற்று, இருபது ஆண்டுகளில் ஓட்டுநராகும் வழி மூடியது. இன்றைய உதவி ஓட்டுநர் பதவிக்கு ஐ.டி.ஐ. சான்றிதழோ டிப்ளமோவோ வேண்டும். தலித் இளைஞர்கள் அப்படிப்பைப் பெறத் தொடங்கிய காலத்தில் ஆட்குறைப்பும் தொடங்கிவிட்டது. திருச்சி–மானாமதுரைப் பாதை 2000-களின் பிற்பகுதியில் அகலப்பாதையானது. காரைக்குடி–திருவாரூர் பாதை 2012-இல் மூடப்பட்டு 2019-இல்தான் முழுமையாக மீண்டது. இத்தகைய பணிகளில் மண் சுமப்பதும் சரளை கொட்டுவதும் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். அவர்களுக்கு ரயில்வேயின் சுழற்சிப் பட்டியலில் இடமில்லை.

தற்காலிகத் தொழிலாளியை நிரந்தரமாகத் தற்காலிகமாகவே வைத்திருக்கும் கலை ரயில்வேக்குப் புதிதன்று. தெற்கு ரயில்வேயின் கட்டுமானப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கும் மேல் ‘கேஷுவல்’ தொழிலாளியாகவே உழைத்து, 1974-இல் பெயர் நீக்கப்பட்ட ராபர்ட் டிசௌசா தொடுத்த வழக்கில், அது சட்டப்படி ஆட்குறைப்பே என்று 1982-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1985-இல் இந்தர்பால் யாதவ் வழக்கில், 360 நாள் தொடர்ந்து உழைத்த திட்டப்பணித் தொழிலாளர்களைத் தற்காலிக ஊழியராக ஏற்கும் திட்டம் வந்தது. தெற்கு ரயில்வே தொடர்பான அடுத்த வழக்கு ஒன்றில், 1981-க்கு முன் நீக்கப்பட்டவர்களும் உரிமை கோரலாம். ஆனால் 1987 மார்ச் 31-க்குள் ஆவணச் சான்றோடு கோர வேண்டும் என்று ஆணையிடப்பட்டது. ‘ஆவணச் சான்று’ என்ற சொல்லில் எத்தனை குடும்பங்கள் வீழ்ந்தன என்பதைத் தொழிலாளர் வழக்குகளை நடத்தும் எவரும் ஊகிக்கலாம். கூரை வீட்டில் மழையில் நனைந்துபோன வேலை அட்டை, மேஸ்திரி எழுதாமல் விட்ட நாள்கணக்கு. எழுதத் தெரிந்தவர் கையில் இருந்தது எழுதத் தெரியாதவரின் எதிர்காலம்.

சரக்கு நிலையத்துக்கு வருவோம். மூடிய சரக்கு வாகன் ஒன்றில் ஏறத்தாழ 60 டன் ஏறும். 50 கிலோ மூட்டை என்றால் 1,200. இத்தகைய 42 வாகன்கள் சேர்ந்தது ஒரு ரேக். ஆக ஒரு ரேக்கில் 50,000 மூட்டைகளுக்கு மேல். குறித்த நேரத்துக்குள் இறக்காவிட்டால் சரக்கு பெறுபவர் ரயில்வேக்கு டெமரேஜ் கட்ட வேண்டும். அந்த அபராத அச்சம் ஒப்பந்தக்காரர் வழியாக இறங்கி லோடுமேன்களின் தோளில் உட்காருகிறது. நள்ளிரவில் ரேக் வந்தாலும் வேலை நிற்காது. சிமெண்டுத் தூளும் உரத்தூளும் நுரையீரலுக்குள் போகும். கரி எஞ்சின் காலத்து மண்வெட்டி அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது; தலைச்சுமை போகவில்லை.

இங்கே சட்டத்தின் ஒரு கண்ணி இருக்கிறது. பார்சல் அலுவலகத்தில் சுமப்பது ரயில்வேயின் சொந்த வேலை. எனவே ஒப்பந்தத்தின் கீழ் ஆண்டுக்கணக்கில் உழைத்த பார்சல் போர்ட்டர்கள் தங்களை நிரந்தரமாக்கக் கோரி 1995-லும் 2003-லும் உச்ச நீதிமன்றத்தில் நிவாரணம் பெற முடிந்தது. ஆனால் முழு வாகன் சரக்கை ஏற்றுவதும் இறக்குவதும் சரக்கு அனுப்புபவர், பெறுபவர் பொறுப்பு என்பது ரயில்வேயின் விதி. ஆகவே அதே நிலைய வளாகத்தில், அதே தண்டவாளத்தின் அருகே உழைக்கும் லோடுமேனுக்கு ரயில்வே முதலாளி அன்று. இதற்கிடையே 2001-இல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் அரசமைப்பு அமர்வு, ஒப்பந்த முறை தடை செய்யப்பட்டாலும் தொழிலாளர்கள் தாமாகவே நிரந்தரமாகிவிட மாட்டார்கள் என்று சொல்லிவிட்டது. 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் வழிவந்த நல வாரியம் ஓரளவு உதவித்தொகை தருகிறது. இடஒதுக்கீடு, பதவி உயர்வு, மூப்பு என்ற சொற்களுக்கு அங்கே பொருளே இல்லை. ரங்காச்சாரி முதல் ஜர்னைல் சிங் வரை நாம் காத்த உரிமைகள் அனைத்தும் நிரந்தரப் பதவி என்ற ஒன்று இருந்தால் மட்டுமே உயிர்வாழ்பவை.

பாதையைப் பற்றியும் ஒன்று. பயணப் பெட்டிகளின் கழிவறைகள் நேரே தண்டவாளத்தில் திறந்திருந்த காலம் முழுவதும் கேங்மேன் அந்தச் சரளையைத்தான் இடித்தார். 2013-ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டம் ரயில் பாதையையும் தன் வரையறையில் சேர்த்தது. உரிய கருவியும் பாதுகாப்பு உடையும் கொடுத்துவிட்டால் அவர் அத்தொழிலாளி ஆகமாட்டார் என்ற விளக்கத்தையும் அதனருகே வைத்தது. 2014 மார்ச்சில் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரயில்வேக்குக் காலவரையறையோடு செயல்பட ஆணையிட்டது. 2016 ஜூலையில், நாட்டிலேயே முதலாவதாக, மானாமதுரை–ராமேஸ்வரம் இடையிலான 114 கிலோமீட்டர் மனிதக் கழிவு விழாத ‘பசுமைப் பாதை’ என அறிவிக்கப்பட்டது. உயிரிக் கழிவறை வந்தது நன்று. ‘பசுமை’ என்ற பெயர் சூட்டியவர்கள், அதுவரை அந்தக் கழிவின் நடுவே நின்றவர் யார் என்பதைப் பெயரில் சேர்க்கவில்லை.

காரைக்குடி, சிவகங்கை, தேவகோட்டைக் கல்லூரிகளில் படிக்கும் மாணவர்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. காரைக்குடி–மானாமதுரைப் பாதை தெற்கு ரயில்வேயின் மதுரைக் கோட்டத்தைச் சேர்ந்தது. ஒவ்வொரு பதவிக்கும் இடஒதுக்கீட்டுச் சுழற்சிப் பதிவேடு பேணப்பட வேண்டும். பட்டியல் சாதியினருக்கான தொடர்பு அலுவலர் அதை ஆண்டுதோறும் ஆய்வு செய்ய வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கோட்டப் பணியாளர் பிரிவின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பித்து, இவற்றைக் கேட்கலாம்: தண்டவாளப் பராமரிப்பாளர், பாயிண்ட்ஸ்மேன், கூட்ஸ் டிரெயின் மேனேஜர், சரக்கு வண்டி ஓட்டுநர், மெயில் வண்டி ஓட்டுநர் ஆகிய ஒவ்வொரு நிலையிலும் அனுமதிக்கப்பட்ட இடங்கள் எத்தனை, பணியில் இருப்போர் எத்தனை, அவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை, நிரப்பப்படாத பின்னடைவு இடங்கள் எத்தனை, கடைசி ஆய்வு அறிக்கையின் நகல், கோட்டத்தில் ஒப்பந்தத்துக்கு விடப்பட்டுள்ள பணிகளின் பட்டியல், ஒப்பந்தக்காரர்களின் உரிம விவரம். தனிநபர் பெயர் கேட்க வேண்டாம். எண்ணிக்கை மட்டும் போதும், அதை மறுக்கக் காரணம் கிடைக்காது. கட்டணம் 10 ரூபாய். பதில் 30 நாட்களுக்குள் வர வேண்டும். வராவிட்டால், அதற்கடுத்த 30 நாட்களுக்குள் அதே அலுவலகத்தின் முதல் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.